நடுவில் வைத்துத் தைத்தது

நாலு துண்டும் ஒரு புள்ளியில் வந்து சேர்கிற இடத்தில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திவிட்டு நஞ்சப்பன் ஜன்னலைப் பார்த்தார். எதிர் மலை இல்லை, மூடிவிட்டது. இப்படி மூடினால் கல்லாறு தாண்டியதுமே பஸ் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், பர்லியாற்றில் டிரைவர் இறங்கி டீ குடிப்பான், குடிக்கட்டும், ஒரு அவசரமும் இல்லை, மகள் யமுனா ஐந்து மாத வயிற்றோடு அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள், அவன் எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் நல்லதுதான். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில் எத்தனை வருஷம் வண்டி ஓட்டியாயிற்று, ஓய்வு பெற்ற பிறகும் யாராவது அந்தப் பாதையில் வருகிறார்கள் என்றால் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது, இப்போதுகூட தையல் மிஷினின் மிதியைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தது. அவர் பாதத்தைத் தூக்கி, கையால் சக்கரத்தை ஒரு சுற்றுத் திருப்பி, ஊசியை மேலே எடுத்தார். புள்ளி சரியாகச் சேர்ந்திருந்தது. சாம்பல், வெள்ளை, டீத்தூளில் ஊறப்போட்டு நிறமேற்றிய பழுப்பு, மறுபடி சாம்பல். நாலு முனையும் ஒரு மயிரிழை விலகாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று அடங்குகிறதே, அதற்காகத்தான் இத்தனையும், வேறு எதற்காகவும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் ஓரக்கல்லைத் தொடாமல் திரும்பி வருகிறபோதும் அதே மாதிரிதான் அடங்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதை மனைவி ருக்குமணியிடம் சொல்லியிருக்கிறார், அவள் சிரித்தாள், இந்த மிஷின் அவளுடையது, ஜாக்கெட்டுக்கு ஓரம் அடிக்க வாங்கியது, அவள் போய்ச் சேர்ந்த பிறகு மூலையில் கிடந்தது, ஸ்டீரிங் இல்லாத கை எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இருந்த நாளில் ஒரு தலையணை உறை கிழிந்து, கிழிந்ததை ஒட்டுப்போடப்போய், ஒட்டின் மேல் ஒட்டாக, ஒட்டு மட்டுமே ஒரு போர்வையாக ஆகிவிட்டது. யாரும் கற்றுத்தரவில்லை. அதுதான், யாரும் எதையும் சொல்லித்தரவில்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்ததும் ஊசி மறுபடி நின்றது. காலையில் போனில் யமுனா, "அப்பா, ஒண்ணு கேக்கோணும்" என்றாள்.

"கேளு கண்ணு" என்றார், ரேஷன் கார்டு விஷயமாக இருக்கும், பழைய சான்றிதழ் ஏதாவது தேடச் சொல்வாள் என்று. அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. "அந்த மீன் போர்வை. அதை அவன்கூடவே வெச்சீங்களா?" என்றாள். அவன் என்றால் வீட்டில் ஒருவன்தான், அவளுடைய முதல் பிள்ளை, பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டவன், பிறந்தும் அழாதவன். இவர் வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம்ப்பா, போன்ல சொல்லாதீங்க, நான் மத்தியானம் பஸ் ஏறிர்றேன். உங்க மூஞ்சியப் பாத்துக் கேக்கோணும். அவன் ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியோடவே கெடக்கறான்னு கனா வந்துட்டே இருக்குது. நீங்க போர்வைய வெச்சீங்கன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சாப் போதும், இந்தக் கொழந்தைய நான் பயமில்லாமப் பெத்துக்குவேன்" என்றாள். மூன்று வருஷமாகக் கேட்காதவள். மூன்று வருஷமும் அவள் கேட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் பயந்து, பயந்து, கேட்கவே மாட்டாள் போலிருக்கிறது என்று இப்போதுதான் பயம் விட்டிருந்தது. ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. வெச்சேன் கண்ணு. அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. போனில் என்றால் அப்போதே சொல்லியிருப்பார், மூஞ்சியைப் பார்த்து என்கிறாளே. பத்தாவது படிக்கும்போது இவர் பீடி குடிக்கிறதை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்தவள், வாசனையே இல்லாத அன்றைக்கு. பேன்ட் பாக்கெட்டில் இருந்த பீடிக்கட்டை எடுத்துக் கையில் கொடுத்து, "இத நீங்களே அடுப்புல போடுங்க" என்றாள், போட்டார்.

அவர் அடுத்த துண்டை எடுத்தார். இது ஒன்று, மேஜைக்கு விரிப்பு, டீக்கறை நிறத்துக்காகவே செய்வது, சாயம் ஒரே மாதிரி ஏறாமல் ஒரு துண்டு வெளுத்தும் ஒன்று கறுத்தும் போனதில் மலையில் வெயில் விழுந்து விழுந்து மறைகிற மாதிரி ஆகிவிட்டது, நினைத்துச் செய்ததில்லை, தானாக வந்தது, தானாக வருவதுதான் அழகாக இருக்கிறது. இன்னொன்று, அந்தக் கொடியில் தொங்குவது, பழைய குடைத் துணிகளைக் கம்பியிலிருந்து கழற்றிச் சேர்த்துத் தைக்கும் ஸ்கூட்டர் உறை. குடைத்துணி முக்கோணமாக வரும், முக்கோணத்தைச் சேர்ப்பது சதுரத்தைச் சேர்ப்பது போல அல்ல, குறுக்காக இழுபடும், கையில் பாம்பு மாதிரி வழுக்கும், ஆனால் சேர்ந்துவிட்டால் நடுவில் ஒரு பூ விரிந்து நிற்கும். மழை அதன்மேல் விழுகிற சத்தத்தை நினைத்தாலே சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதுதான் தப்பு. அன்றைக்கும் இப்படித்தான் சந்தோஷமாக இருந்தது. யமுனாவுக்கு மூன்றாவது மாதம் என்று மாப்பிள்ளை பிரபாகர் போன் செய்த அன்றே மார்க்கெட்டுக்குப் போய் நீல ஃபிளானல் வாங்கினார், கைக்குழந்தைக் கன்னம் மாதிரி மெத்தென்று இருந்தது, மஞ்சள் திரைச்சீலைத் துணி ஒன்று வீட்டில் கிடந்தது, அதில் மீன் மீனாக வெட்டினார். மஞ்சள் மீன்கள், நீலத் தண்ணீர். எல்லா மீனும் இடது பக்கம் பார்த்து நீந்தும்படி. நாலு மாதம் தைத்தார், இரண்டு நாளில் முடிகிற வேலையை, முடிந்துவிடக் கூடாதே என்று மெதுவாக. பிறக்காத குழந்தைக்கு முன்கூட்டி எதுவும் தைத்து வைக்கக் கூடாது, துணி எடுத்துவைக்கக் கூடாது, தொட்டில் கட்டக் கூடாது, பிறந்தாலும் முதலில் பழைய வேட்டித் துணியில்தான் கிடத்துவார்கள் என்பதெல்லாம் பெண்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொள்வது, எந்த டிப்போவில் எந்த டிரைவருக்கு யார் சொல்வார்கள்? ருக்குமணி இருந்திருந்தால் நீலத் துணியைப் பார்த்த அன்றைக்கே பிடுங்கி டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருப்பாள். ருக்குமணி இருந்திருந்தால் தையலே வந்திருக்காதே. வளைகாப்பில் யமுனாவுக்கு வளையல் போட்ட அன்றைக்குப் பெருமையாகப் பையிலிருந்து எடுத்து விரித்தார், பந்தலில் பத்துப் பெண்கள் இருந்தார்கள், ஒருத்திகூட ஒன்றும் சொல்லவில்லை, சம்பந்தியம்மா மட்டும், "இப்பவே தெச்சாச்சுங்களா" என்றார். நல்லா இருக்குது என்றுதான் சொல்கிறார் என்று நினைத்து இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

யமுனாதான் மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மீனாகத் தடவினாள். தடவிக்கொண்டே வந்து, "இவன் ஒருத்தன் மட்டும் எங்கப்பா போறான்?" என்றாள். அப்போதுதான் இவரும் பார்த்தார், கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து ஒட்டியிருக்கிறார், ஒரு மீன் மட்டும் வலது பக்கம் பார்த்துக்கொண்டு, எல்லாரும் வருகிற வழியில் எதிரே போகிறது. "பிரிச்சுத் தெச்சுத் தர்றேன் கண்ணு." "வேண்டாம் வேண்டாம், இருக்கட்டும். நம்ம வீட்டுல ஒருத்தனாச்சும் எதுத்துட்டுப் போகட்டும்." பந்தலே சிரித்தது. பிறகு அந்த விடியற்காலை போன். முதல் வண்டியில் போனார், அவரோடு முன்பு ஓட்டிய மாரப்பன்தான் ஓட்டினான், முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டான். மடியில் மஞ்சப்பை, பைக்குள் போர்வை, அவனுக்குத் தைத்தது அவனோடு போகட்டும் என்று கிளம்பும்போது எடுத்துப் போட்டுக்கொண்டது. ஆண்கள் மட்டும் போனார்கள். சின்னக் குழி. இவ்வளவு சின்னதாகக்கூட குழி வெட்டுவார்களா என்று இருந்தது. பச்சைத் துணியில் சுற்றி, பிரபாகர் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான், பச்சைத் துணியில் ஆஸ்பத்திரியின் முத்திரை மங்கலாகத் தெரிந்தது. இப்போது எடுக்கலாம், இப்போது எடுக்கலாம். பையின் காது விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துவிட்டது. எடுத்தால் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். பார்த்தால் யாராவது ஒருவர் மனதுக்குள், இதனாலதான் என்பார். அந்த ஒருவர் யார் என்று தேடிக்கொண்டே நின்றார், சம்பந்தியா, சம்பந்தியின் தம்பியா, வெட்டியானா. அந்த ஒருவர் தானேதான் என்று வீடு திரும்பி வருகிற வழியில், காட்டேரி ஸ்டாப் பக்கத்தில் தெரிந்தது. அதற்குள் மண் தள்ளி முடித்திருந்தார்கள். பை மடியிலேயே இருந்தது. போகும்போது இருந்த கனம்தான் வரும்போதும்.

"அண்ணே" என்று வாசலில் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர், இவருக்குக் கிழிந்த குடை சேகரித்துத் தருகிறவர். கையில் இன்னொரு குடை. "போன தடவை குடுத்த குடைய எந்த ஜில்லாவுக்குத் தச்சு அனுப்பிட்டீங்க?"

"ஸ்கூட்டருக்குச் சட்டை தெச்சுட்டிருக்கறேன் டீச்சர்."

"ஸ்கூட்டருக்குச் சட்டை, உங்களுக்கு முழங்கை கிழிஞ்ச ஸ்வெட்டர். நல்ல நியாயம். யமுனா வர்றாளாமே?"

"பஸ் ஏறிட்டா. இந்நேரம் கல்லாறு தாண்டியிருக்கும்."

"நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை ஒண்ணும் தச்சு வைக்கலைல்ல?" என்று கேட்டுவிட்டு, டீச்சர் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் வேற மாதிரி கேக்கலைண்ணே."

"தைக்கல டீச்சர்" என்றார். குடையை வாங்கிக்கொண்டார். டீச்சர் படியிறங்கி, வேலி தாண்டிப் போகிறவரை நிற்கவேண்டியிருந்தது. அவர் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை, அன்றைக்கும் நீலத் துணியைப் பார்த்து, "இப்பவே எதுக்குண்ணே அவசரம்" என்று கேட்டவர்தான், கேட்டது இவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

கட்டிலைப் பார்க்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரமும் மிஷினில் உட்கார்ந்திருந்தார் என்பது கட்டிலைப் பார்த்ததும் தெரிந்தது. யமுனா வந்தால் படுக்கிற கட்டில். அதன்மேல் சாம்பல் போர்வை மடித்துக் கிடந்தது, பழைய காக்கிப் பேன்ட்டும் சாம்பல் கம்பளியும் கலந்து தைத்த பெரிய போர்வை. நல்ல போர்வைக்கு மூன்று அடுக்கு, மேலே ஒட்டு, கீழே விரிப்பு, நடுவில் குளிர் தாங்குகிற ஏதோ ஒன்று, நடுவில் பஞ்சு வைக்கலாம், கிழிந்த கம்பளி வைக்கலாம், நைந்துபோன இன்னொரு போர்வையையே வைத்தும் தைக்கலாம். அன்றைக்குத் திரும்பி வந்து, எரிக்கவும் முடியாமல், யாருக்கும் கொடுக்கவும் முடியாமல், அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நீலம் கண்ணில் படுவதைத் தாங்கவும் முடியாமல், அதை நடுவில் வைத்துத் தைத்துவிட்டார். குழந்தைப் போர்வை சின்னது, சுற்றிலும் பழைய கம்பளித் துண்டுகளை வைத்து இடத்தை நிரப்பினார், அதனால் நடுப்பாகம் கொஞ்சம் கனமாக, கைவைத்தால் மேடாக இருக்கும். யமுனா எத்தனையோ தடவை வந்து அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் இவர் விடிகிறவரை தூங்கியதில்லை. இப்போது என்ன சொல்வது? வெச்சேன் கண்ணு. மூஞ்சியைப் பார்ப்பாள். மூஞ்சியில் என்ன எழுதியிருக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. அப்போது ஒரு யோசனை வந்தது, வந்த வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்தே காத்திருந்த மாதிரி இருந்தது. இதைப் பிரித்து மீன் போர்வையை எடுத்து, பின்னால் பேரிக்காய் மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்துவிட்டால்? மண்ணுக்குள்ளதான் கண்ணு இருக்குது. பொய்யில்லை. மூஞ்சியும் பொய் சொல்லாது. மண் எல்லாம் ஒரே மண்தானே, அந்த மண் மலைக்குக் கீழே இருக்கிறது, இந்த மண் மலைமேலே இருக்கிறது.

தையல் பிரிக்கிற முள்ளை எடுத்துக்கொண்டு போர்வையின் ஓரத்தைப் பிடித்தார். இந்நேரம் வண்டி பர்லியாற்றை விட்டிருக்கும். இரட்டை நூல் போட்டு, அரிசி அரிசியாக நெருக்கித் தைத்திருந்தார், என்றைக்கும் பிரியவே கூடாது என்று தைத்த கை, அதே கைதான் இப்போது முள்ளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாகக் கிளப்பியது. ஒரு நூல் அறுந்தால் பக்கத்துத் தையல் விடவில்லை. இவ்வளவு ஒழுங்காகத் தைத்திருக்கிறாயே, பாவி, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பெருமை இருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. பிரித்தால் துணியில் ஊசி போன வழியெல்லாம் ஓட்டையாக நிற்கும், காடாத் துணி என்றால் ஒரு தடவை அலசினால் மூடிக்கொள்ளும், காக்கி மூடாது, நிரந்தரமாகத் தெரியும். நடு மேட்டில் எதிரே போகிற மீன் எங்கே இருக்கும் என்று விரல் தானாகத் தேடியது, தலைமாட்டுப் பக்கம், இடது ஓரம், கம்பளியையும் காக்கியையும் தாண்டி ஒன்றும் தட்டுப்படாது என்று தெரிந்தும் தேடியது. ஒரு சாண் நீளம் பிரிந்திருந்தது. ஓரத்துக் கம்பளித் துண்டை விலக்கினால், உள்ளே இருட்டில் ஒரு விரற்கடை நீலம். மங்கவே இல்லை. வெளியில் கிடந்திருந்தால் இந்நேரம் வெளுத்திருக்கும், ஒரு பிள்ளை எச்சில் வடித்து, மூத்திரம் போய், இழுத்துக்கொண்டு திரிந்து, மீனெல்லாம் தேய்ந்து போயிருக்கும். புதுசாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் மேலே பிரிக்க முடியவில்லை. முள் கையில் இருந்தது, வண்டி காட்டேரியைத் தாண்டியிருக்கும், ஆனாலும் முடியவில்லை.

கேட் சத்தம் கேட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா? "அப்பா" என்றாள் யமுனா. போர்வையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு வெளியே வந்தார். பையை வாங்கிக்கொண்டார். முகம் உப்பியிருந்தது, கால் வீங்கியிருந்தது, வயிறு முன்னால் வந்திருந்தது. "பஸ்ஸுல வரலப்பா, கல்லாறுலயே அடக்கமாட்டாத வாந்தி. அங்கிருந்து கார் புடிச்சுட்டேன். நீங்க பஸ்ஸக் கணக்குப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்கன்னு தெரியும்."

"வண்டி எந்த வளைவுல இருக்குதுன்னுகூடப் பாத்துட்டிருந்தேன் கண்ணு."

"தப்பாப் பாத்திருக்கறீங்க" என்று சிரித்தாள். தண்ணீர் கொடுத்தார், சூடாகக் கொடுத்தார், குடித்தாள். அவர் அவள் செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். "நிக்க முடியலப்பா, கொஞ்ச நேரம் சாஞ்சுக்கறேன்" என்று உள்ளே போனாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, யோசிக்காமல், எப்போதும் செய்கிற மாதிரியே, சாம்பல் போர்வையை இழுத்து வயிற்றுக்கு மேல் போட்டுக்கொண்டாள். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எதனால் ஒருவன் போனான் என்று மூன்று வருஷமாக மனதுக்குள் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்ததோ, அது அடுத்தவன்மேல் கிடக்கிறது. இழுத்துவிடலாம். என்ன சொல்லி இழுப்பது? "அத இப்பிடிக் குடு கண்ணு, ஓரம் பிரிஞ்சு கெடக்குது, தெச்சுத் தர்றேன்."

"இருக்கட்டும்ப்பா, குளுருது." அவள் விரல்கள் ஓரத்தில்தான் இருந்தன, பிரிந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நூலின் நுனியைத் திருகிக்கொண்டு. "சரி, உக்காருங்க. இப்பச் சொல்லுங்க. வெச்சீங்களா?"

அவர் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ருக்குமணியின் கண், அசையாமல் பார்க்கிற கண். வெச்சேன் கண்ணு என்பது நாக்கின் நுனியில் நின்றது, வந்துவிட்டது என்றே நினைத்தார், ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "பையில கொண்டுபோனேன். கைல வெச்சுட்டேதான் நின்னேன். எடுக்கல."

பிறகு அவரே மேலே சொன்னார். "எடுத்தா எல்லாரும் பாப்பாங்கன்னு இருந்துச்சு. இந்தப் போர்வையாலதான்னு நெனைப்பாங்கன்னு. மண்ணு தள்ளி முடிக்கற வரைக்கும் நின்னுட்டேதான் இருந்தேன்." கூரைமேல் மழை இறங்க ஆரம்பித்தது. கொடியில் குடைத்துணி உறை நனைகிறது, எடுக்கவேண்டும், எடுக்கப் போகவில்லை. "அப்ப அது எங்கப்பா?" என்றாள்.

"நீ போத்தியிருக்கறதுக்குள்ள."

அவள் நூல் நுனியைத் திருகுவதை நிறுத்தினாள். தூக்கி எறிவாள் என்று அவர் காத்திருந்தார், எறிவதற்குத் தோதாக நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குக்கூட நகர்த்தினார். விரல் பிரிந்த இடத்தைக் கண்டுபிடித்தது, உள்ளே போயிற்று, நின்றது. அவள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. வெகுநேரம் குலுங்கியது. அவர் கையை நீட்டவில்லை, அந்தக் கைக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"எதுத்துட்டுப் போவானே ஒருத்தன், அவன் எங்க இருக்கறான்?" என்றாள், திரும்பாமலேயே.

"தலைமாட்டுப் பக்கம். எடது ஓரம். இன்னும் கொஞ்சம் கீழ. அங்கதான்."

அவள் உள்ளங்கையைப் போர்வைக்கு மேல் அந்த இடத்தில் வைத்தாள். கைக்குக் கீழே காக்கி, காக்கிக்குக் கீழே மீன், அதற்கும் கீழே வயிறு. மழை வலுத்தது.

"அவனுக்குப் போத்தியிருக்கலாம்ப்பா" என்றாள்.

"போத்தியிருக்கலாம் கண்ணு" என்றார்.

அவள் கையை எடுக்கவில்லை. போர்வையையும் தள்ளவில்லை. ஜன்னல் வழியே சாரல் அடித்தது, அவர் எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து, மறுபடி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.